அதிதிறன் கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் கூலரை எங்கே பொருத்துவது?

புதுதில்லி: எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதில் ஆர்வம் காட்டும் கார் உரிமையாளர்கள் பலரும் கியர்பாக்ஸின் வெப்பத்தைக் கருத்தில் கொள்வதில்லை. மலைப்பாதையில் எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்து, கார் இழுவை குன்றி நிற்கும்போதே அது நினைவுக்கு வருகிறது. தானியங்கி கியர்பாக்ஸைப் பிரித்துச் சீர்செய்யும் செலவு லட்சங்களை எட்டக்கூடும் என்பதால், கூடுதல் ஆயில் கூலரை எங்கே பொருத்துவது என்ற கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள கியர்பாக்ஸில் எஞ்சினின் ஆற்றல் ஆயில் வழியாகக் கடத்தப்படுகிறது. நெரிசலிலும் ஏற்றத்திலும் மெதுவாகச் செல்லும்போது ஆற்றலின் ஒரு பகுதி வீணாகி, வெப்பமாக மாறி ஆயிலில் சேர்கிறது. ஆயிலின் வெப்பநிலை 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது பொதுவாக ஏற்றது. 120 டிகிரியைத் தாண்டி நீடித்தால் ஆயில் விரைவாகத் தன் தன்மையை இழக்கிறது. ரப்பர் சீல்களும் கிளட்ச் தகடுகளும் பாதிப்படைகின்றன.

பல கார்களில் இந்த ஆயில் ரேடியேட்டர் நீரினாலேயே குளிர்விக்கப்படுகிறது. அந்த நீரே ஏறத்தாழ 90 டிகிரியில் இருப்பதால், அதற்குக் கீழே ஆயிலைக் குளிர்விக்க இயலாது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான நாடு இது. எனவே காற்றினால் குளிரும் தனிக் கூலர் தேவைப்படுகிறது.

கண்டன்சருக்கு முன்பாக, முகப்பு கிரில்லின் பின்னே பொருத்துவதே பரவலான வழக்கம். வேகமாகச் செல்லும்போது காற்று அங்கு நேரடியாகப் படுகிறது. ஆயினும், கூலரைக் கடந்து சூடேறிய காற்றே கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் செல்கிறது. மே மாத நெரிசலில் ஏசி குளிர் குறைவதற்கு இது காரணமாகலாம். ஆகவே கண்டன்சரை முழுவதும் மறைக்கும் பெரிய கூலரைத் தவிர்ப்பது நன்று.

பம்பரின் ஓரத்தில், முன்சக்கரத்திற்கு முன்னால் உள்ள வெற்றிடம் மற்றோர் இடம். பந்தயத் தளத்தில் ஓட்டுவோருக்கு இது பெரிதும் ஏற்றது. ஏனெனில் ரேடியேட்டரின் காற்றை இது பறிப்பதில்லை. ஆனால் காற்று உள்ளே வருவதற்கு மட்டும் வழி செய்துவிட்டு, வெளியேறும் வழியை மறந்துவிடுவதே இங்கு நேரும் பெரும்பிழை. வெளியேறும் வழி இல்லையெனில் காற்று கூலரைச் சுற்றிச் சென்றுவிடும். சக்கர மறைப்பில் துளைகள் அமைத்தல் அவசியம்.

காரின் அடிப்பகுதியில் மின்விசிறியுடன் பொருத்துவோரும் உள்ளனர். நின்ற நிலையிலும் குளிர்விப்பது இதன் நன்மை. எனினும் வேகத்தடைகளும், சிதறும் ஜல்லிக் கற்களும், மழைக்காலச் சேறும் நிறைந்த நமது சாலைகளில் இது கடைசித் தேர்வாகவே இருக்க வேண்டும்.

எந்த இடமாயினும், பிளாஸ்டிக் பட்டைகளை ரேடியேட்டர் தகடுகளின் ஊடே செருகிக் கட்டுவது கூடாது. அதிர்வினால் அவை உராய்ந்து ஓட்டை விழும். ரப்பர் தாங்கிகளுடன் கூடிய உலோகப் பிடிப்பான்களே தகுந்தவை. குழாய் இணைப்புகள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ அமைந்தால் உள்ளே காற்று தேங்காது. சூடான சைலன்சர் குழாயின் மீது ஆயில் கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு என்பதால், குழாய்களை அதனருகே கொண்டு செல்லலாகாது.

லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து கியர் மாற்றம் மந்தமாகும். தெர்மோஸ்டாட் வால்வு இதைத் தடுக்கும். உலர் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களுக்கோ இக்கூலரால் பெரும்பயன் இல்லை. அவற்றில் சூடேறுவது ஆயிலில் மூழ்காத கிளட்ச் தகடுகளே என்பது குறிப்பிடத்தக்கது.

உத்தரவாதக் காலம் முடியாத கார்களில், பொருத்துவதற்கு முன் நிறுவனத்தின் விதிகளை அறிந்துகொள்ள வேண்டும். பொருத்திய பின்னர், கூலரும் குழாய்களும் கொள்ளும் அளவுக்கு ஆயிலைக் கூடுதலாக நிரப்பி, சிறிது தூரம் ஓட்டி, அளவையும் கசிவையும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.