கை ஏன் கைப்பேசியைத் தேடுகிறது?

மாணவர்களே! திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் பாதை சுமார் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் நடப்போரைக் கவனியுங்கள். மணி ஒலிக்காதபோதும் சிலர் கைப்பேசியை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்கள். காரணம் என்ன?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆராய்ந்தார். விசையை அழுத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துவந்தால், தீனி நின்றதும் பிராணி விரைவில் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் பழகிய பிராணியோ, நெடுநேரம் அழுத்திக்கொண்டே இருக்கும். புதுச் செய்தி வந்திருக்குமோ என்று நாம் திறந்து பார்ப்பதும் இத்தகையதே.

நீங்களே சோதியுங்கள். ஒருநாள், கைப்பேசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டு, படிக்கும் நேரத்தில் அதை அடுத்த அறையில் வையுங்கள். கோடுகள் குறைகின்றனவா?

தூக்கமும் படிப்பும் கெட்டால் பெற்றோரிடம் சொல்லத் தயங்காதீர்கள். இதற்கெனவே பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014இல் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது.