உணவு கையாள்வோர் மருத்துவப் பரிசோதனை

உணவு கையாள்வோர் மருத்துவப் பரிசோதனை என்பது உணவகம், தேநீர்க்கடை, அடுமனை போன்ற இடங்களில் உணவையோ குடிநீரையோ நேரடியாகத் தொட்டு வேலை செய்பவர்களுக்குத் தொற்றுநோய் உள்ளதா என அறியச் செய்யப்படும் சோதனை ஆகும். சமையல்காரர், பரிமாறுபவர், பழச்சாறு பிழிபவர், பாத்திரம் கழுவுபவர் ஆகியோர் இதில் அடங்குவர்.

சட்டம்

இந்தியாவில் இதற்கு அடிப்படை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006. இதன் கீழ் 2011ஆம் ஆண்டு வெளியான உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, பணியாளர்களை ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற மருத்துவர் சோதிக்க வேண்டும் என்கிறது. மருத்துவர் கையொப்பமிட்ட சான்றை நிறுவனம் ஆய்வுக்காக வைத்திருக்க வேண்டும். பதிவுச் சான்று மட்டும் பெறும் சிறு கடைகளிலும் தொற்றுநோய் உள்ளவர் வேலை செய்யக்கூடாது. வெட்டுக்காயம் மூடியே இருக்க வேண்டும்.

சோதிக்கப்படுபவை

சான்றிதழ் படிவத்தில் ஐந்து கூறுகள் உள்ளன.

1. பொது உடல் பரிசோதனை
2. கண் பரிசோதனை
3. தோல் பரிசோதனை
4. குடல் தொற்றுகளுக்கு எதிரான தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்பது
5. ஐயம் எழும் நோய்க்கு மட்டும் உரிய ஆய்வகச் சோதனை

எனவே எல்லோருக்கும் ஒரே வகை இரத்தச் சோதனை என்பது விதியன்று.

தேவை

டைபாய்டிலிருந்து குணமடைந்தவர்களில் சிலருடைய பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அவர்களுக்கு எந்த அறிகுறியும் இராது. இதற்குப் புகழ்பெற்ற சான்று நியூயார்க் சமையல்காரி மேரி மாலன். 1907இல் கண்டறியப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்ட அவர், இனிச் சமைப்பதில்லை என்ற உறுதியின் பேரில் 1910இல் விடுவிக்கப்பட்டார். ஆனால், பிழைப்புக்காக வேறு பெயரில் மீண்டும் சமையல் வேலைக்குச் சென்றார். 1915இல் அவர் வேலைபார்த்த மருத்துவமனையில் டைபாய்டு பரவியது. அதன்பின் 1938இல் இறக்கும்வரை தனிமையிலேயே வைக்கப்பட்டார்.

திண்டுக்கல்லில்

திண்டுக்கல் பிரியாணிக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு 1957இல் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலே பின்னர் தலப்பாக்கட்டி எனப் புகழ்பெற்றது. பெரிய உணவகங்களில் நிலையான பணியாளர்கள் இருப்பதால் சான்றுகளைச் சரிபார்ப்பது எளிது. தள்ளுவண்டிகளிலும் சாலையோரக் கடைகளிலும் ஆட்கள் அடிக்கடி மாறுவதால் அது கடினம்.

தைப்பூசக் காலத்தில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோருக்கு அன்னதானமும் நீர்மோரும் வழங்கப்படுகின்றன. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இலாப நோக்கமற்ற உணவு வழங்கலையும் உணவுத் தொழில் என்றே வரையறுக்கிறது. ஆகவே, தூய்மை விதிகள் அன்னதானத்திற்கும் பொருந்தும். மாவட்ட அளவில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இவற்றைக் கண்காணிக்கின்றனர்.

வரம்புகள்

சான்றிதழ், சோதித்த நாளின் நிலையை மட்டுமே காட்டும். மறுவாரமே ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வரலாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ நுண்மி, கண் மஞ்சளாகும் முன்பே மலத்தில் மிகுதியாக வெளியேறும். இக்காரணங்களால், வழக்கமான மருத்துவப் பரிசோதனை மட்டும் உணவுவழி நோயைத் தடுக்கப் போதாது என உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1989இல் கருத்துத் தெரிவித்தது. சோப்பால் கை கழுவுதலும், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, சீழ்ப்புண் இருந்தால் உடனே தெரிவித்து உணவு வேலையிலிருந்து விலகுதலுமே கூடுதல் பயன் தருபவை. நாள்கூலி பெறுபவருக்கு விடுப்பு என்பது கூலி இழப்பு என்பதால், நோயை மறைக்கும் வாய்ப்பு அதிகம். சுகமில்லாத நாளுக்கும் கூலி கொடுக்கும் கடையில் அந்த மறைப்புக்குத் தேவை குறைகிறது.