முளையும் களஞ்சியமும்

பொழுது புலர்வதற்கு முன்னரே கோலார் தங்கவயல் விழித்துக்கொண்டுவிடுகிறது. மாரிக்குப்பத்தில் புறப்படும் பெங்களூர் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்னும் சிறு நிலையங்களில் நின்று, பங்காரப்பேட்டையை அடைவதற்குள் பெட்டிகளில் நிற்கவும் இடம் இராது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் பொன் தோண்டிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளே அப்பயணிகளில் பெரும்பாலோர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இவர்களுடைய பிழைப்பு நாள்தோறும் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்தில் அமைந்துவிட்டது.

உறவினர் இல்லத்து மணவிழாவிற்குச் சென்று அந்த ரயிலில் திரும்பியபோது, நம் எதிரே இரண்டு இளைஞர்கள் கூடைப்பந்தைப் பற்றிக் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தனர். நேயர்கள் வியப்படைய வேண்டியதில்லை. 1891-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் கண்ட அவ்விளையாட்டு, ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வாயிலாக நம் நாட்டிற்கு வந்தது. 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகளிலே விளையாட்டுக்களைப் பரப்பினர். பந்தும், இரண்டு வளையங்களும், ஒரு சிறு திடலும் போதுமாதலின், செலவு மிகாத ஆட்டம் இது.

இளைஞர்களின் வழக்கு இதுதான். அமெரிக்கத் தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. 1984-இல் போர்ட்லண்டு குழு இரண்டாவது முறையில் சாம் பூயி என்பவரை எடுத்தது. அடுத்த முறையில் சிகாகோ எடுத்தவரே மைக்கேல் ஜார்டன். 2007-இல் அதே போர்ட்லண்டு, முதலாவது முறையில் கிரெக் ஓடன் என்பவரை எடுத்தது. இரண்டாவதாகச் சியாட்டில் எடுத்தவர் கெவின் டுராண்டு. ஜார்டனும் டுராண்டும் உலகப் புகழ் எய்தினர். பூயியின் காலெலும்பு மீண்டும் மீண்டும் முறிந்தது. ஓடனோ, ஓர் ஆட்டமும் ஆடுமுன்னரே முழங்காலில் அறுவைச் சிகிச்சை பெற்றார். போர்ட்லண்டுக்காக அவர் ஆடியவை மொத்தம் 82 ஆட்டங்களே.

“உடம்பு மட்டும் ஒத்துழைத்திருந்தால் ஓடன் எங்கோ போயிருப்பார்” என்றார் ஒருவர். “போகாதவரைப் போயிருப்பார் என்று சொல்லி என்ன பயன்? தேர்ந்தெடுத்தவர்கள் ஏமாந்தார்கள், அவ்வளவுதான்” என்றார் மற்றவர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்வழக்கின் வேர் ஒரு சொல்லில் இருப்பதாகத் தோன்றியது. ‘பொடென்ஷியல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பௌதிக நூல்களில் ‘நிலையாற்றல்’ என்று எழுதுகிறோம். மலையுச்சியில் உள்ள பாறைக்கு இவ்வளவு நிலையாற்றல் உண்டு என்று கணக்கிட்டுக் கூற இயலும். உருண்டு விழுந்தால் அது வெளிப்பட்டே தீரும். பத்தொன்பது வயது ஆட்டக்காரரிடமும் அத்தகைய பொருள் ஒன்று அளவாக வைக்கப்பட்டிருந்ததாகவும், விபத்து அதனைத் திருடிக்கொண்டதாகவும் நாம் எண்ணிவிடுகிறோம். இளமையில் காணப்படுவது வாக்குறுதியன்று, வாய்ப்பே. ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நம் முன்னோர் கூறியது உண்மையே. ஆயினும் முளைக்கும் களஞ்சியத்திற்கும் இடையே மழையும் வெயிலும் பூச்சியும் உண்டு என்பதை உழவன் அறிவான். பயிர் கருகினால் அவன் முளையைப் பழிப்பதில்லை.

அந்நேரம், சன்னலோரம் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் விவாதத்தில் தலையிட்டார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அருகில் அவருடைய பேத்தி, முழங்காலில் பட்டை. கல்லூரிக் குழுவில் ஆடுபவள். குதித்து இறங்குகையில் முழங்கால் திருகித் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சை நடந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்குரிய பணியிடத்திற்கான ஆட்டத்தேர்வு அடுத்த மாதம். பயிற்சியாளர் ஒருவர், பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு ஆடிவிடு என்று சொல்லியிருக்கிறார். “இப்போது போகாவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடுவார்களா, சார்?” என்று முதியவர் நம்மைக் கேட்டார்.

அமெரிக்காவைப் பற்றிய விவாதம் அத்துடன் நின்றது. நம் நாட்டிலே கூடைப்பந்து ஆடிக் கோடி ஈட்டுவார் இலர். ரயில்வே, வங்கி, காவல்துறை, படைத்துறை ஆகியவற்றில் ஒரு நிலையான உத்தியோகம். அதுவே இவ்வாட்டம் நம் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய பெரும்பேறு. ஆதலின் இங்கே ஒரு முழங்கால் என்பது ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளமாகும்.

அறுந்தது எது என்பதை முதலில் அறிதல் நலம். தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் பிணைத்து நிறுத்தும் தசைநார்களுள் ஒன்றை ஆட்டக்காரர்கள் ‘ஏ.சி.எல்.’ என்று வழங்குவர். பிறர் மோதி அது அறுவதைவிட, குதித்து இறங்கும்போதும் சட்டெனத் திரும்பும்போதும் தானே அறுவதே மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு இவ்வாபத்து அதிகம். அறுந்ததற்குப் பதிலாக, பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே வேறொரு நாரை எடுத்துப் பொருத்துகின்றனர். புதிய நார் முதற்சில மாதங்களில் வலுக்குறைந்து, அதன் பின்னரே மெல்ல உரம் பெறும். வலி நீங்கியது நார் தேறியதற்கு அடையாளமன்று. ஒன்பது மாதங்களுக்கு முன் ஆட்டத்திற்குத் திரும்புவோர்க்கு மீண்டும் காயமுறும் அபாயம் பன்மடங்கு என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. 25 வயதுக்குட்பட்டு, மீண்டும் களமிறங்குவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறுகாலிலோ தசைநார் அறுகிறது.

எலும்பின் கதையோ வேறு. அதனைத் தங்கவயல் மக்களுக்கு எளிதில் விளக்கலாம். இங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வேலை நடந்தது. மேலுள்ள பாறையின் பாரம் அளவு கடந்தபோது சுரங்கச் சுவர் திடீரென வெடித்துச் சிதறும். அந்நாளில் அதனை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். வெடிப்பது ஒரு நொடியில். பாரம் சேர்வதோ நெடுங்காலம். ஆகவேதான் பாறைக்குள் எழும் நுண்ணதிர்வுகளைக் கேட்டறியும் கருவிகளை இங்கே பொருத்தினர். ஓட்டமும் குதிப்பும் எலும்பிலும் நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகின்றன. ஓய்வு கிடைத்தால் உடல் அவற்றைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். கிடைக்காவிடில் விரிசல் வளர்ந்து முறிவாகும். ஏழடிக்கு மேல் உயர்ந்த சீனத்து யாவ் மிங், பாத எலும்பு முறிவுகளால் 2011-இல் தம் முப்பதாவது வயதில் ஓய்வு பெற நேர்ந்ததும் இவ்வகையினாலேயே. அத்தகைய முறிவுக்கு முன்னும் ஒலி உண்டு. அந்த ஒலிக்குப் பெயர் வலி.

ஆனால் அவ்வொலியைப் பிறர் கேளாதபடி அடக்கிவிடுவதும் உண்டு. சாம் பூயி 2012-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், தம்மைத் தேர்ந்தெடுக்குமுன் வைத்தியர்கள் காலைத் தட்டிப் பார்த்தபோது, உள்ளூர வலித்தும் வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். இதனை நாம் சொன்னபோது, அதுவரை வாய்திறவாதிருந்த பேத்தி பேசினாள். “எனக்கும் படி இறங்கினால் இன்னும் வலிக்கிறது, தாத்தா. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் தேர்வுக்குப் போகக் கூடாது என்பார்.”

முதியவர் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். பிறகு, தம் தகப்பனார் இருமலை மறைத்த கதையைச் சொன்னார். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் நோய் வெளிப்பட்டால் அடிச்சுரங்கத்து வேலையும் அதற்குரிய கூலியும் போய்விடும் என்று அஞ்சி, சோதனை நாளன்று மூச்சை அடக்கிக்கொள்வாராம். “கூலி நின்றதென்னவோ நின்றுதான் போயிற்று, அவரும் போய்விட்டார்” என்றார் முதியவர்.

பொய் சொன்னவர் மீது குற்றம் சுமத்துவது எளிது. உண்மையைச் சொன்னால் சோறு போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை, உடல் படும் பாட்டை ஒருவரும் வெளியில் சொல்லார். ஆகவே, காயமுற்ற பிள்ளைக்கு அறிவுரையைவிட முதலில் வேண்டியது அபயம். ‘நீ ஆடினாலும் ஆடாவிட்டாலும் இந்த வீட்டில் உன் இடம் மாறாது’ என்று பெற்றோர் சொல்லிவிட்டால், வலி தானே வாய்திறக்கும். அதற்குப் பிறகுதான் மற்றவை: மாதக் கணக்கோடு, காயமுற்ற காலின் வலிமை மறுகாலுக்கு ஈடாகிவிட்டதா என்ற சோதனை, ஆட்டத்திற்குமுன் முறையாகக் குதித்து இறங்கப் பழகும் பயிற்சி, வாரந்தோறும் ஓய்வு நாள், உத்தியோகத் தேர்வுக்குரிய வயது வரம்பைக் கணக்கிட்டு, அடுத்த ஆண்டுக்குத் திட்டம், இவற்றோடு, எக்காரணம் கொண்டும் கைவிடாத கல்லூரிப் படிப்பு.

காத்திருந்தோர் கெட்டதில்லை. ஜோயல் எம்பீட் 2014-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பாதக் காயத்தால் முதலிரண்டு பருவங்கள் முழுவதும் ஆடாதிருந்தார்; 2023-இல் அவ்வமைப்பின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஓடனுக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அவர் தம் பழைய பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி, 2019-இல் பட்டம் பெற்றார். ‘நிறைவேறாத திறமை’ என்று உலகம் எழுதிமுடித்த பக்கத்திற்கு அப்பாலும் மனிதர் வாழ்கிறார் அன்றோ?

ஒயிட்ஃபீல்டு நிலையத்தில் இளைஞர்கள் இறங்கிக்கொண்டனர். பேத்தி அன்று டாக்டரைப் பார்க்கச் சென்றுகொண்டிருந்தாள். “இன்று சொல்லிவிடுகிறேன்” என்றாள். தேர்வைப் பற்றி முதியவர் மறுபடி கேட்கவில்லை. பெங்களூரில் இறங்கும்போது, படியில் தாம் முதலில் இறங்கி நின்று, அவளுக்குக் கை கொடுத்தார்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் இத்தகைய பிள்ளைகளைப் பெற்றோர் பலர் இருக்கக்கூடும். ‘என்னவாகியிருப்பாள்’ என்ற வழக்கை ரயிலில் பேசிப் பொழுதுபோக்கலாம், தவறில்லை. வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ‘இன்று எங்கே வலிக்கிறது?’ அதற்கு அஞ்சாமல் விடை சொல்லும்படி பிள்ளைகளை வளர்த்தோமாயின், முளை களஞ்சியம் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நாம் நல்ல உழவர்களே.