அலமாரியில் ஒரு கரண்டி உப்பு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவர் அலமாரியைத் திறந்தால் ஒருவித மக்கல் நாற்றம் வீசுவதைக் கவனித்திருப்பீர்கள். பட்டுப்புடவையின் மடிப்பில் வெண்புள்ளிகள். பத்திரமாக வைத்த மதிப்பெண் சான்றிதழில் கரும்புள்ளிகள். எல்லாம் பூசணத்தின் வேலை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத் தொல்லையையும் தரும். பூசண வித்துகள் எப்போதும் காற்றில் மிதக்கின்றன. அவற்றை நம்மால் தடுக்க முடியாது. ஆனால், அவை முளைக்கத் தேவையான ஈரத்தைத் தடுக்கலாம்.

கதவு மூடிய அலமாரிக்குள் ஈரம் எப்படி வந்தது? திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் இடையிலுள்ள பிரம்மதேசத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கே வங்கக் கடலும் மரக்காணத்து உப்பளங்களும் உள்ளன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வருகிறது.

30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைக் கொள்ளும். அதில் 21 கிராம் இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம். 26 டிகிரியில் காற்று கொள்வதோ சுமார் 24.4 கிராம்தான். மழையில் நனைந்த வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் பின்புறம் அறையைவிட 4 டிகிரி குளிர்ந்திருந்தால், அதே 21 கிராம் அங்கே 86 சதவீதம் ஆகிவிடும்! பெரும்பாலான பூசணங்களுக்கு 75 சதவீதத்துக்கு மேல் கொண்டாட்டம்தான்.

இதைக் கண்டறியக் கருவி வாங்க வேண்டாம். தூய சமையல் உப்பும் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். இரண்டு மூடிகளில் ஒவ்வொரு கரண்டி தூள் உப்பு இடுங்கள். ஒன்றை அறையின் நடுவிலும், மற்றதை அலமாரியின் பின்மூலையிலும் வையுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அலமாரி உப்பு மட்டும் கசிந்திருந்தால், குற்றவாளி அந்தக் குளிர்ந்த சுவரே.

இனி என்ன செய்யலாம்? துணிகளைச் சுவரில் படாமல், நெருக்கித் திணிக்காமல் அடுக்குங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். முற்றும் உலராத துணியை உள்ளே வைக்காதீர்கள். வெயில் அடிக்கும் நண்பகலில் ஒப்பு ஈரப்பதம் குறைந்திருக்கும். கதவுகளை அப்போது திறந்துவிடுங்கள். மழை பெய்யும்போது மூடியே வையுங்கள். சுவரில் கசிவு இருந்தால் அதை அடைப்பதே முதல் மருந்து.

பாச்சை உருண்டை பூச்சியை விரட்டும்; ஈரத்தைக் குறைக்காது. கால்சியம் குளோரைடு நன்றாக ஈரத்தை இழுக்கும்; ஆனால் கதவிடுக்கு வழியே புதுக்காற்று நுழைந்துகொண்டே இருந்தால் அதுவும் விரைவில் நீராகிவிடும்.

இந்த மாற்றங்களைச் செய்தபின் புதிய உப்பை வைத்து மறுபடியும் சோதியுங்கள். உப்பு உலர்ந்தே இருந்தால், உங்கள் சான்றிதழும் பிழைத்தது!