பாறை ஏறும் ஜீப்புக்கு எத்தனை அங்குல உயரம்?

கரடுமுரடான மலைப்பாதைக்கு வண்டி தயார் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘எத்தனை அங்குலம் தூக்கலாம்?’ என்பதைத்தான். நெட்டையாக நிற்கும் ஜீப்பைப் பார்த்தாலே எதையும் தாண்டிவிடும் என்று தோன்றிவிடுகிறது. பாறையில் வண்டியைக் கரை சேர்ப்பதோ பெரிய டயரும், அந்த டயர்கள் தரையை விடாமல் பிடித்திருப்பதும்தான். உயரம் என்பது அதற்காக நாம் கொடுக்கும் விலை. மட்கார்டுத் தகட்டை வெட்டினால் கிடைக்கக்கூடிய இடத்தை, ஸ்பிரிங்கை நீட்டி வாங்குவது வீண் செலவு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் பழைய ஜீப் செரோகியை எடுத்துக்கொள்ளலாம்.

‘எக்ஸ்ஜே’ என்று ரசிகர்கள் அழைக்கும் அந்த வண்டி 1984 மாடலில் தொடங்கி 2001 வரை அங்கே விற்பனையில் இருந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். தனிச் சேஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் டாஹோ ஏரியை நோக்கிப் போகும் 22 மைல் ரூபிகான் பாதை போன்ற இடங்களுக்காக இந்த வண்டியைப் பலர் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே பல இடங்களில் பாதை என்பதே கிரானைட் பாறைகளின் குவியல்தான்.

அந்தப் பாறைகளில் முதலில் இடிபடுவது ஆக்சிலின் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல். நீளமான ஸ்பிரிங் போட்டால் உடல் மேலே போகும்; டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்தது. அதை உயர்த்த எளிய வழி டயர்தான். அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும். கம்பெனி கொடுத்த 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் போட்டால் ஒன்றரை அங்குலம் லாபம். அப்படியானால் ஸ்பிரிங்கை நீட்டுவதன் முதல் வேலை என்ன? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் பண்ணிக் கொடுப்பது. செரோகியில் 33 அங்குல டயருக்கு நாலரை அங்குலம் தூக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. தகட்டைத் தாராளமாக வெட்டினால் அதே டயர் மூன்று அங்குலத்தில் அடங்கிவிடும்.

மிச்சமாகும் அந்த ஒன்றரை அங்குலம் சின்ன விஷயமில்லை. புரிவதற்காக, உயரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியே ஒரு கணக்குப் போடுவோம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ., எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் என்றால், வண்டி ஏறக்குறைய 47 டிகிரி சாய்வில் கவிழும். மையத்தை 10 செ.மீ. மேலே கொண்டுபோனால் 43 டிகிரியிலேயே கவிழும். இது அசையாத பொம்மை வண்டிக்கான கணக்கு. நிஜத்தில் கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்கி, டயர் நசுங்கி, இதற்கு வெகுமுன்பே வண்டி உருண்டுவிடும். கவிழ்வது போக வேறு தொல்லைகளும் உண்டு. முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் கைகள் செரோகியில் குட்டையானவை. உடலைத் தூக்கத் தூக்க அவை செங்குத்தாகச் சாயும். சக்கரம் ஒரு பாறைப் படியில் மோதினால் அந்த அடி ஸ்பிரிங்குக்குப் போகாமல் நேராக உடலுக்கு வரும். முன் ஆக்சில் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, ஓட்டத்தில் வண்டி அதிரத் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு புதுச் செலவு.

வெட்டுவதிலும் கவனம் வேண்டும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கும் வெறும் தகடு. கட்டிங் மெஷினை வைத்துத் துணிந்து அறுக்கலாம். பின் சக்கர வளைவு அப்படியில்லை. அங்கே வெளித்தகடும் உள்தகடும் விளிம்பில் பற்றவைக்கப்பட்டிருக்கும். விளிம்பை அப்படியே அறுத்து எறிந்தால் இரண்டும் பிரிந்து இடையில் வாய் திறந்துகொள்ளும். சேறும் தண்ணீரும் அதற்குள் இறங்கித் துரு பிடிக்கும். தெரிந்தவர்கள் உள்தகட்டை நாக்கு நாக்காகக் கீறி, மேல்நோக்கிச் சுத்தியலால் மடக்கி, வெளித்தகட்டோடு மறுபடி பற்றவைத்து, சீலண்ட் பூசிப் பெயின்ட் அடிப்பார்கள்.

உடலே சட்டமாக இருக்கிற வண்டியில் வெட்டினால் பலம் போகாதா என்ற கேள்வி நியாயமானது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டத்தையோ அடித்தளத்தின் பெட்டிச் சட்டங்களையோ தொட்டால் நிச்சயம் போகும். சக்கர வளைவின் விளிம்பை மடக்கி மூடினால் பெரிய இழப்பில்லை. இன்னொரு ஆட்சேபம் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது: உயரம் குறைந்தால் நடுவயிறு பாறையில் தட்டுமே? தட்டும். அதனால்தான் கதவுக்கு அடியில் கனமான இரும்புக் குழாய்களையும் கியர் பெட்டிக்கு அடியில் தடித்த தகட்டையும் பொருத்துகிறார்கள். வயிறு பாறையில் தட்டினால் வண்டி சறுக்கி இறங்கும், கொஞ்சம் பெயின்ட் போகும். கவிழ்ந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தே இரண்டையும் எடை போட வேண்டும். ஜீப் கம்பெனியே இந்த வழிக்கு வந்திருக்கிறது: 2018-இல் வந்த ராங்லரின் ரூபிகான் வகையில் சக்கர வளைவு மற்ற வகைகளைவிட மேலே வைக்கப்பட்டது, பெரிய டயருக்கு இடம் விடுவதற்காக.

நம் ஊரில் வெட்டுவதற்கும் தூக்குவதற்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஆகவே இங்கே தார், ஜிம்னி போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்கள் அமெரிக்கப் பட்டறைகளை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் டயர்தான் முக்கியம் என்ற கணக்கு இங்கேயும் செல்லும்: அதே அளவில் ஆழமான பட்டன் உள்ள டயர், பாறைக்குள் இறங்குமுன் அதில் காற்றைக் குறைப்பது, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்புவது.

வெட்ட அனுமதியுள்ள ஊர்களில் விவரமான மெக்கானிக் ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் செய்யும் சோதனை எளிமையானது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, புது டயரை மாட்டி, அந்தச் சக்கரத்தை ஜாக்கியால் மேலே முட்டும் வரை ஏற்றுவார். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, டயர் தகட்டைத் தொடுகிற இடமெல்லாம் சாக்பீஸால் கோடு இழுப்பார். கோடு மட்கார்டோடு நின்றால் கட்டிங் மெஷின் போதும். கோடு உள்ளே சட்டத்தின் மேல் ஏறினால்தான் அவர் அங்குலக் கணக்குக்கே வருவார்.