கண்டிப்பேட்டுக்கு வராத தண்ணீர்

ஹைதராபாத் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு பழைய புளியமரம் நிற்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி ஊருக்குள் புகுந்தபோது சுமார் 150 பேர் அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். வெள்ளம் பலி கொண்டது 15,000 பேரை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. ஊருக்கு மேலே, நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருப்பதை அவர் கணக்கிட்டார். அவற்றில் 221 உடைந்திருந்தன. மேலே ஒன்று உடைந்தால் சுமை கீழே உள்ளதன் மீது விழும், அதுவும் உடையும். ஆக, நகருக்குள் வந்தது வெறும் மழைநீர் அல்ல. அவர் யோசனைப்படி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும் (1920) துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் (1927) எழுந்தன. வெள்ளத்துக்காகக் கட்டியவை குடிநீரும் தந்தன. உஸ்மான் சாகருக்கு ஊர் வைத்த பெயர் கண்டிப்பேட். அந்தத் தண்ணீரின் ருசியைப் பழைய ஹைதராபாத்காரர்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்த தலைமுறைகளுக்கு நேர்மாறான தலைவலி. மழை அளவு பெரிதாகக் குறையாதபோதும் ஏரிக்கு நீர்வரத்து சரிந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை இறக்கிவிட்டதால் முதல் மழைகளைக் காய்ந்த மண்ணே குடித்துவிட்டது. மிச்சத்தைத் தடுப்பணைகள் பிடித்துக்கொண்டன. விவசாயியைக் குறை சொல்ல முடியுமா? மழைநீரைத் தேக்கு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அரசுதான். போதாக்குறைக்கு, ஓடைகளை மறித்துக் கட்டடங்களும் எழுந்தன.

1996இல் ஆந்திர அரசின் 111ஆம் அரசாணை, ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் தொழிற்சாலைகளுக்கும் பெரிய ஹோட்டல்களுக்கும் தடை போட்டது. அங்கே ஆலை தொடங்க முயன்ற ஒரு எண்ணெய் நிறுவனத்துக்கு 2000இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. ஆனால் 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு 84 கிராமங்களிலும் அந்தத் தடைகளைத் தளர்த்தியது. சொன்ன காரணம்: கிருஷ்ணா, கோதாவரி நீர் வந்துவிட்டது, நகரம் இந்த ஏரிகளை நம்பி இல்லை.

குடிநீர்க் கணக்கு சரி. வெள்ளக் கணக்கு? கான்கிரீட் மழையைக் குடிக்காது. விழுந்ததை உடனே ஓடவிடும். 2010க்குப் பிறகு மூடியே கிடந்த உஸ்மான் சாகரின் மதகுகள் 2021 ஜூலையில் திறக்கப்பட்டன. மூசிக் கரையின் தாழ்வான பகுதிகளுக்கு அன்று எச்சரிக்கை போனது.