கருவி பேசும், கற்றுத் தருமா?



விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பருவத்தில் அந்த வட்டாரத்துக் கொல்லைகளில் நிலக்கடலைச் செடிகளைப் பார்க்கலாம். அங்குள்ளவர்கள் அதை 'மல்லாட்டை' என்பார்கள். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. 1940-இல் வெளியான 'டி.எம்.வி. 2' என்ற புகழ்பெற்ற நிலக்கடலை ரகத்தின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிக்கின்றன.

மல்லாட்டைக் கொல்லையில் ஒரு விவசாயி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செடிக்கு நாற்பது நாள் ஆகிறது. வானொலியிலோ கைப்பேசியிலோ ஒரு குரல், "ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள்" என்கிறது. அவர் கேட்டுவிட்டார். ஆனால் கற்றுக்கொண்டுவிட்டாரா?

ஜிப்சம் எதற்கு என்று முதலில் பார்ப்போம். மல்லாட்டை விசித்திரமான செடி. பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் காயாகப் பருக்கிறது. பருப்பு திரள்வதற்குக் கால்சியம் வேண்டும்.

வேர் உறிஞ்சுகிற கால்சியம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோடு சேர்ந்து இலைக்கு ஏறுகிறது. இலை நீரை ஆவியாக வெளியேற்றுவதால்தான் இந்த ஓட்டம் நடக்கிறது. இலைக்குப் போன கால்சியம் பெரும்பாலும் கீழே திரும்புவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் காயோ நீரை ஆவியாக்குவதில்லை. ஆகவே வேர் வழியாக வரும் கால்சியம் அதற்கு மிகக் குறைவாகவே கிடைக்கிறது. தனக்கு வேண்டியதைக் காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஜிப்சத்தில் கால்சியமும் கந்தகமும் உண்டு. அதைச் செடியோரமாக, விழுது இறங்கும் இடத்தில் இட்டால்தான் பயன். கால்சியம் போதாவிட்டால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. அதைத்தான் 'பொக்கு' என்கிறோம்.

இப்போது அந்த விவசாயியிடம் திரும்புவோம். இறவைப் பயிரானால் 40 முதல் 45 நாளில் ஜிப்சம் இடலாம். மானாவாரிப் பயிரானால் மண்ணின் ஈரத்தைப் பார்த்து, 40 முதல் 75 நாளுக்குள் இடவேண்டும். அவருடைய கொல்லையில் இன்று ஈரம் இருக்கிறதா என்பது எங்கோ இருந்து பேசும் குரலுக்குத் தெரியுமா? தெரியாது. அதை அவர்தான் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். காரணம் தெரிந்தவர் நாளைச் சற்றுத் தள்ளிப் போடுவார். காரணம் தெரியாதவர் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு, செலவு வீணாயிற்றே என்று வருந்துவார்.

சொல்வதற்கும் கற்பதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை அளந்து பார்த்த ஒரு சோதனை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1956-இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து, புனே நகரைச் சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தன. ஒவ்வோர் ஊரிலும் ஒரு வானொலி மன்றம். வாரத்துக்கு இரண்டு முறை அரைமணி நேர நிகழ்ச்சி, பத்து வாரங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து பேசவேண்டும். கேள்விகளை வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்பவும் செய்யலாம்.

முடிவு என்ன தெரியுமா? மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாகக் கூடியிருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து, மன்றம் இல்லாத ஊர்களில் மாற்றம் மிகச் சொற்பம். பெட்டி ஒன்றுதான்; குரலும் ஒன்றுதான். கூடிப் பேசியதுதான் வேறுபாடு!

விழுப்புரத்துக்கு அருகிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரயில் பாதையில் வில்லியனூர் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. கணிப்பொறியைத் தொட்டே பார்த்திராத கிராமப் பெண்கள் பயிற்சி பெற்று அவற்றை நடத்தினார்கள். கடலோரத்தில் உள்ள வீராம்பட்டினத்துக்கு மீனவர்கள் விரும்பிய செய்தி ஒன்று வந்தது: கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அந்த விவரத்தை வில்லியனூரில் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் ஒலிபெருக்கி அதை அறிவித்தது. மீனவர்கள் அதைத் தங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். கருவி எண்ணைச் சொன்னது, முடிவு அவர்களுடையது. அது உயிர் சம்பந்தப்பட்ட முடிவு அல்லவா?

இன்று கைப்பேசியில் படமும் பாடமும் எந்நேரமும் கிடைக்கின்றன. எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் உங்கள் கொல்லை மண்ணைத் தொட்டுப் பார்க்க அவற்றுக்குக் கையில்லை. பள்ளிப் படிப்பு முடிந்த பிறகும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நீங்கள் ஏதாவது ஒரு வேலை செய்யப் போகிறீர்கள். அந்தக் காலம் முழுவதும் புதிய குரல்கள் புதிய செய்திகளைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவற்றில் எது நமக்குப் பொருந்தும் என்று பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடலாம்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மல்லாட்டை பறிக்கும் சமயத்தில், கொல்லைக்காரரிடம் கேட்டு ஒரு செடியின் காய்களை வாங்குங்கள். மொத்தம் எத்தனை, பொக்கு எத்தனை என்று எண்ணுங்கள். ஜிப்சம் இட்டாரா, எந்த நாளில், அன்று ஈரம் இருந்ததா என்று விசாரியுங்கள். இன்னும் இரண்டு மூன்று கொல்லைகளிலும் இப்படியே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கணக்கை வகுப்பில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொல்லைக்காரரிடமும் மறக்காமல் காட்டுங்கள். அடுத்த பட்டத்தில் அவருக்கு அது உதவும்.